துட்டி வீட்டு ரேடியோக்கள்

பிரியமுள்ள அத்தானுக்கு, உங்கள் மேல் கோபம் இன்னும் ஆறாத சிவகாமி எழுதுவது.

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தலைத்திவசம். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சடிக்கலாம் என்று உங்கள் தம்பி சொன்னார். “மதினி, நாலு வரி எழுதிக் குடுங்க. மறைந்தும் மறையாதன்னு ஆரம்பிச்சா நல்லாருக்கும்” என்றார். மறையாமல் இருப்பது உங்கள் அண்ணாச்சி இல்லை, அவர் விட்டுப்போன ரேடியோப் பெட்டிகள்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாலு வரியில் அடங்குகிற சங்கதியா இது? அதனால் நாலு பக்கம் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும். இந்த ஒரு வருஷம் அவர்கள் பேசியதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்?

முதலில் அவசரமான விஷயம். தென்காசி கோமதி அக்கா மறுபடியும் சொல்லி அனுப்பியிருக்கிறார், தன்னிடம் இருக்கும் உங்கள் ரேடியோப் பெட்டியை வந்து எடுத்துக்கொள்ளும்படி. நான் இன்னும் போகவில்லை. போவேனா என்பதும் தெரியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தலையும் வாலும் புரிய வேண்டும். ஆகவே உங்கள் கிறுக்கு ஆரம்பித்த இடத்திலிருந்து வருகிறேன்.

எல்லாம் உங்கள் அப்பாவின் ரேடியோவில் ஆரம்பித்தது. மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. வளைந்த தலை, முன்னால் பட்டுத்துணி, உள்ளே வால்வுகள். மாமா இறந்தபோது ஊர் வழக்கப்படி ஒரு வருஷம் அதை யாரும் தொடவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டில் ரேடியோ பாடக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் குற்றாலத்துச் சாரலுக்குத் துட்டி வீடு, கல்யாண வீடு என்ற பேதம் கிடையாதே. சும்மா கிடந்த பெட்டிக்குள் ஈரம் ஏறி, பூஞ்சணம் பிடித்துவிட்டது. வருஷம் திரும்பியதும் நீங்கள் ஆசையாகத் திருகினீர்கள். பட்டென்று ஒரு சத்தம், கருகின நாற்றம், அவ்வளவுதான். மாமா செத்த அன்றுகூடத் தெளிவாக இருந்த நீங்கள், அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் யாரும் செய்யாத அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தீர்கள். எந்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனாலும், கொஞ்ச நேரம் துக்கமாக உட்கார்ந்திருந்துவிட்டு, “ஒங்க வீட்டு ரேடியோ சும்மா கெடந்தா வீணாயிரும். வருசம் திரும்புறவர எங்கிட்ட இருக்கட்டும். தெனம் கொஞ்ச நேரம் போட்டு வெக்கேன்” என்பீர்கள். கொடுத்துவிடுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் யார் மறுத்துப் பேசுவார்கள்? கைவீசிப் போன மனிதர் மார்போடு ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவீர்கள். அடுத்த வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள், “ஒங்க அத்தான் துட்டிக்குப் போனா மொதல்ல பொணத்தப் பாப்பாகளா, ரேடியோவப் பாப்பாகளா?” 

போதாக்குறைக்கு ஒவ்வொரு பெட்டியையும் அதன் செத்துப்போன சொந்தக்காரர் பேரால் கூப்பிடுவீர்கள். கோமதி அக்காவின் வீட்டுக்காரருடைய பெட்டி வக்கீல். மேலகரத்துப் பெட்டி தாசில்தார். “சிவகாமி, வக்கீல் சூடாயிட்டாரான்னு தொட்டுப் பாரு. தாசில்தாருக்குத் தொண்ட கட்டியிருக்கு, ரெண்டு நாளா வெயிலே இல்லல்லா.” சீசனுக்கு வந்து நம் மாடியில் தங்கியிருந்த மதுரைக்கார அம்மாள் இதைக் கேட்டுவிட்டு மறுநாளே வேறு இடம் பார்த்துக்கொண்டு போனாள். மொட்டை மாடி முழுக்க ஏரியல் கம்பி. அருவிக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று, இது போலீஸ் வயர்லெஸ் ஆபீஸா என்று கேட்பார்கள்.

நாள் போகப் போக நீங்கள் பெட்டியின் வயசு பார்க்க ஆரம்பித்தீர்கள். “உலகச் சண்டைக்கு முந்தினதுதான் பெட்டி. மத்ததெல்லாம் டப்பா” என்பது உங்கள் தீர்ப்பு. செங்கோட்டைக்கு மேலே எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன துரையின் பங்களாவிலிருந்து ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ரேடியோ பேட்டரியில் ஓடின காலத்துப் பெட்டி, நாதஸ்வரத்தின் வாய் மாதிரி தனியாக ஒரு ஸ்பீக்கர். அரிசிப் பானை இருந்த மூலையை அது பிடித்துக்கொண்டது. அதற்கேற்ற பேட்டரி எங்கேயும் கிடைக்கவில்லை. பாடாத பெட்டிக்கு எதற்கு இடம் என்று கேட்டேன். “அது பாட வேண்டாம் சிவகாமி, இருந்தாப் போதும்” என்றீர்கள். என்னிடம் ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா?

பெட்டிகளால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், சாரல் நாளில் அவற்றின் சூட்டில் பனியனும் துண்டும் காயப்போடுவதுதான். அதற்கும் குதிப்பீர்கள்.

ஆனால் எனக்கு நிஜமான எரிச்சல் பெட்டிகள் மேல் இல்லை, அவற்றைக் கொடுத்தவர்கள் மேல். வருஷம் திரும்பியதும் ஒரே ஒரு தடவை சொல்லி அனுப்புவீர்கள், பெட்டி நன்றாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. அடுத்த வாரம் வருகிறோம் என்பார்கள். வீட்டில் விருந்தாள் என்பார்கள். புது ரேடியோ வாங்கிவிட்டோம், இடமில்லை என்பார்கள். பிறகு பேச்சே இருக்காது. மறுபடியும் சொல்லி அனுப்புங்கள் என்று நான் கத்துவேன். நீங்களோ பழைய வேட்டியைக் கிழித்து மரத்தைத் துடைத்துக்கொண்டே, “வேணும்னா வருவாக” என்பீர்கள். அந்தச் சாக்கில் பெட்டிகளை நீங்களே வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. கோமதி அக்காவை நான் பேசாத பேச்சில்லை. வக்கீல் இருந்தவரை அவருடைய ரேடியோவுக்குப் பூ வைக்காத குறை, போனதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

போன சித்திரையில், நம் ஜவுளிக்கடையில் ஒரு வாடிக்கையாளருக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தீர்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை. துட்டி வீட்டு ரேடியோக்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்த வீடே துட்டி வீடாகிவிட்டது. இதை நீங்கள் யோசித்தே பார்க்கவில்லையா அத்தான்? ஊருக்கெல்லாம் வழி செய்த மனிதர், நம் வீட்டுக்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா?

காரியத்துக்கு முந்தின நாள் கோமதி அக்கா வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் பார்வை உங்கள் பெட்டியின் பக்கம் போனது. செங்கோட்டை ஸ்டேஷன் மாஸ்டரிடம் நீங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியதே, அந்த உங்கள் சொந்தப் பெட்டி.

“சிவகாமி, அண்ணாச்சி பெட்டிய எங்கிட்ட குடு. வருசம் திரும்புறவர நான் பாத்துக்கிடுதேன்.”

எனக்கு வந்த கோபத்தில் துட்டி வீடு என்பதுகூட மறந்துவிட்டது. “ஒங்க வக்கீல் பெட்டி எத்தன வருசமா இங்கன கெடக்கு. அத எடுக்க ஒரு நாள் வந்தீகளா? எங்க பெட்டியத் தூக்க மட்டும் வந்துட்டீக” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “அத எடுக்க வரல. இத எடுக்க வந்திருக்கேன். குடு” என்றார். ஜமக்காளத்தில் சுற்றி, குதிரை வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் வாசல்வரை போகவில்லை.

மற்ற பெட்டிகள் என் தலையில். கடையத்திலிருந்து வந்து என்னோடு தங்கிய உங்கள் அக்கா, எல்லாவற்றையும் பழைய சேலைகளால் மூடினார். “ஏட்டி, வருசம் திரும்புறவர இதுல ஒண்ணுகூட மூச்சு விடப்படாது” என்று உத்தரவு. ஆனி பிறந்தது. சாரல் இறங்கியது. சுவரெல்லாம் வியர்த்தது. சேலையைத் தூக்கிப் பார்த்தால் வக்கீலின் மரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். நான் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு, சூடேற்றி அணைக்க ஆரம்பித்தேன்.

உங்கள் அக்கா கண்டுபிடித்துவிட்டார். “சத்தம் இல்லேன்னா அது ரேடியோ இல்லேன்னு ஆயிருமா?”

“பெட்டிக்குள்ள வெளக்குதான எரியுது. துட்டி வீட்ல வெளக்கு எரியப்படாதா?” என்றேன். அன்றோடு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அதுவும் ஒரு நிம்மதிதான்.

அந்த நிம்மதியைத் தாசில்தார் கெடுத்தார். கடையத்திலிருந்து தாமதமாகத் துட்டி கேட்க வந்தவர்கள் முன்கூடமான பட்டாசாலையில் உட்கார்ந்து உங்கள் குணத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து முழுத் தொண்டையில் ஒரு காதல் பாட்டு. நான் ஓடிப்போய்த் திருகினால் சத்தம் இன்னும் கூடுகிறது. கடைசியில் வயரைப் பிடித்து இழுத்தேன். “மூணு மாசங்கூட ஆகல, பாட்டு கேக்கா” என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தத் திருகு கோளாறு என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்தது? ஒரு வார்த்தை, அத்தான். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

அதற்காக நான் நிறுத்தவில்லை. மழைக்காலம் முழுக்கத் தினமும் போட்டேன். வக்கீல் நன்றாக இருக்கிறார். தாசில்தாரும்தான், அவருக்கு என்ன கேடு. பட்டாளத்திலிருக்கும் நம் பையன், அந்தப் பழைய பெட்டிகளைத் தள்ளிவிடுங்கள் அம்மா, லீவில் வரும்போது ஒரு டிரான்சிஸ்டர் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தான். அவனும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளும்படி பதில் போட்டேன்.

இப்போது கோமதி அக்கா விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் கடைக்கு வந்து உங்கள் தம்பியிடம், பெட்டி நன்றாகப் பாடுகிறது, வருஷம் திரும்பப் போகிறது, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாராம். எனக்குத் தலைவலி என்று சொல்லச் சொன்னேன். அப்புறம் மறுபடியும் கேட்டு அனுப்பினார். பையன் வருகிறான், வீடு கொள்ளாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். உங்கள் தம்பி தலையாட்டிவிட்டுப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரம். வீட்டில் விருந்தாள். இடமில்லை. அவர்கள் சொன்ன அதே வார்த்தைகள். எதைச் சொன்னார்கள் என்று நான் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேனோ, அதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் கடைக்குக் கிளம்புமுன் உங்கள் பெட்டியைப் போடுவீர்கள். வால்வு சூடாகிச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை அதன் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். காபி ஆறுகிறது என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். உங்கள் காதில் விழாது. இப்போது அந்தப் பெட்டி வந்தால் நான்தான் திருக வேண்டும். சத்தம் வரும்வரை நான்தான் காத்து நிற்க வேண்டும். ஊரார் பெட்டியை ஆயிரம் தடவை போடுவேன். இது என்னால் முடியாது அத்தான்.

வக்கீல் பெட்டியை எடுக்கக் கோமதி அக்கா ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. உங்களுக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்துதான் யாரையும் இரண்டாவது தடவை கூப்பிடாமல் இருந்தீர்களா? இல்லை, பெட்டி மேல் ஆசையில் பேசாமல் இருந்துவிட்டீர்களா? இரண்டும்தான் இருக்கும், உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஆனால் என்னிடமாவது சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லாமலே வைத்துக்கொண்டு போய்விட்டால், இங்கே ஒவ்வொன்றையும் நான் முட்டி மோதித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, முடிவு பண்ணிவிட்டேன். வெள்ளிக்கிழமை திவசம் முடிகிறது. சனிக்கிழமை காலை வக்கீலை மெழுகுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறுகிறேன். கண்டக்டர் என்ன சொன்னாலும் மடியில்தான் வைத்துக்கொள்வேன். நேராகக் கோமதி அக்கா வீட்டுக்குப் போய், உங்கள் பெட்டியையும் வக்கீல் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். அவர் உங்கள் பெட்டியைத் திருகட்டும். நான் வக்கீல் பெட்டியைத் திருகுகிறேன். சத்தம் வரும்வரை இரண்டு பேரும் சேர்ந்து நின்றுகொள்வோம். அதற்குப் பிறகு அவரவர் பெட்டியை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போக முடிகிறதா என்று பார்ப்போம். முடியாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ரெண்டு பெட்டியையும் ஒரே பிளக்கில் மாட்டிவிடாதே என்றுதான் முதலில் சொல்வீர்கள். தெரியும் அத்தான். தனித்தனியாகத்தான் மாட்டுவேன்.

உங்கள் தாய்மாமன் மகள்,
சிவகாமி
குற்றாலம்