வைத்திலிங்கத்தின் மகன் பிடித்த சிலந்தி

பிப்ரவரி 5, திங்கள்

மைனஸ் இருபத்தாறு. கார் கிளம்பவில்லை. இவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கார் தன்னை ஏதோ சொல்லிவிட்டது போல் படாரென்று மூடினார். பஸ், பிறகு மெட்ரோ. இமையெல்லாம் பனி.

மியூசியத்தில் அந்த ஆண் சிலந்தியை மறுபடி எடுத்தேன். நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்னுடல் கரும்பழுப்பு, வயிறு சாம்பல், கால்கள் வெளிர் மஞ்சள். தலையில் சின்ன மேடு, மேட்டின் உச்சியில் இரண்டு கண். வாய்க்குப் பக்கத்திலுள்ள குட்டிக் கையைக் கழற்றி, பொட்டாஷில் சுடவைத்துத் தெளிவாக்கி வரைந்து முடித்தேன். அந்தக் கையின் நுனிக் கொக்கியை வைத்துத்தான் இனம் பிரிப்பது. இந்த வளைவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இலையுதிர் காலத்திலிருந்து தேடுகிறேன். புது இனம்தான்.

பிடித்தது எங்கள் கீழ்வீட்டுத் தம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். கியூபெக்கின் வடகோடியில், அணைக்கட்டு கட்டும் முகாமில் சமையல் வேலை. இரண்டு கோடைக்கும், சிலந்தி பிடிக்கக் காலித் தயிர் டப்பாக்களைக் கட்டிக் கொடுத்தனுப்பினேன். பாசிக்குள் விளிம்பு வரை புதைத்து, கொஞ்சம் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி, லீவு நாளில் வடிகட்டி அனுப்புவார். பெண் சிலந்திகள் எல்லாம் டப்பாவில் விழுந்தவை. இந்த ஒரே ஆண் மட்டும் பாசிக்கு நடுவே தபால்தலை அகல விரிப்பு வலையில் தலைகீழாகத் தொங்கியதாம். தானாகவே பார்த்துத் தனிக் குப்பியில் போட்டிருந்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில். நுரையீரல். டாக்டர்கள் ஏப்ரலைப் பற்றிப் பேசுவதில்லை. சிலந்திக்கு அவர் பெயர்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

ரசம் கொண்டுபோனேன். பாதிதான் இறங்கியது. பெயர் விஷயத்தைச் சொன்னேன். லத்தீன் வால் சேர்த்து 'வைத்திலிங்கமி' என்று வரும் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால் இல்லை.

"அது என்ர அப்புவின்ர பேர், அக்கா."

வந்து இறங்கிய அன்றே யாரோ குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டார்களாம். அதிலிருந்து சம்பளச் சீட்டு, லெட்டர் பாக்ஸ், இப்போது மணிக்கட்டில் கட்டிய பட்டை, எல்லாம் வைத்திலிங்கம். முகாமில் 'வைட்டி'. எங்கள் வீட்டு இவரும் மாடியிலிருந்து "வைத்தி சார்" என்பார். நான் தம்பி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெயரே தேவைப்படாமல் போய்விட்டது.

"அப்ப உங்க பேர்?"

"தேவராசன். இஞ்ச ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடுறேல்லை."

வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, சரி. எனக்கு?

"அப்ப தேவராசனி" என்றேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. இந்த நாட்டில என்ர பேர் முதல்முதலா ஒரு பூச்சிக்கு." மனைவியும் மகளும் இடம்பெயர்ந்து கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார்கள். மகளுக்கு எழுதப் போகிறாராம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வாங்க: பொன்னி அரிசி, பூண்டு, டிரேசிங் பேப்பர், இவருக்குக் கையுறை (மறுபடி ஒன்றைத் தொலைத்தாயிற்று).

ஆய்விதழிலிருந்து கனமான உறை. அச்சிடலாமா என்று பார்த்துச் சொல்ல ஒரு கட்டுரை. எழுதியது லுட்மிலா என்று ஒரு பெண், சைபீரியா. நாலாம் பக்கத்தில் படம். தலை மேடு. உச்சியில் இரண்டு கண். கொக்கி, அதே வளைவு.

என் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு பாத்ரூமில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அதே சிலந்திதான். துருவத்தைச் சுற்றி அந்தப் பக்கமும் இருக்கிறது, இந்தப் பக்கமும் இருக்கிறது. முதலில் அச்சில் வரும் பெயர்தான் நிலைக்கும். அவள் தன் ஊர் ஆற்றின் பெயரை வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 14, புதன்

இரவு முழுக்கப் பனி. இட்லி மாவு பொங்கவில்லை. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தும் அப்படியே கிடக்கிறது. இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே:

"அதை அப்படியே வெச்சிரு. உன்னோடத முதல்ல அனுப்பு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"அப்ப எதுக்கு என்னைக் கேக்கற?"

நியாயமான கேள்வி. அதனாலேயே எரிச்சல். இங்கே ஒரு சின்ன சஞ்சிகை இருக்கிறது, கொடுத்தால் ஏப்ரலில் போட்டுவிடும். அவளுடையது வர ஒரு வருஷம் ஆகும். நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அந்த உறையை மேஜை டிராயரில் மறந்தால் போதும். சனியன், உலகத்தில் இத்தனை பேர் இருக்க என்னிடமா வரவேண்டும்.

தெரு முழுக்கப் பனி வாரும் சத்தம். கீழ்வீட்டு வாசலை யாரும் சுத்தம் செய்யவில்லை. நானே செய்தேன். இடுப்பு போயிற்று.

பிப்ரவரி 17, சனி

ஆஸ்பத்திரி. பக்கத்துப் படுக்கைக் கிழவருக்கும் ஹெய்ட்டி நர்ஸுக்கும் சிலந்திக் கதை முழுக்கத் தெரிந்திருக்கிறது. நர்ஸ் என்னைப் பார்த்து, "ஆ, சிலந்தி டாக்டர்" என்று பிரெஞ்சில் சிரித்தாள். இதற்குப் பிறகு எப்படிச் சொல்ல? சொன்னேன். நடந்தது நடந்தபடி.

"அந்தப் பிள்ளை ஆரின்ர பேரை வைச்சிருக்கிறா?"

"அவங்க ஊர் ஆறு."

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் நிறுத்துமிடம், குவித்த பனி, வேறொன்றும் இல்லை.

"ஆத்துக்கு ஏற்கனவே பேர் இருக்குத்தானே, அக்கா."

நான் கையுறையைக் கைப்பையில் திணித்தேன்.

"நீங்கள் உங்கடையை முந்திக் குடுங்கோவன்."

வரும் வழியெல்லாம், பெரிய மனசோடு விட்டுவிடச் சொல்வார், என் தலையிலிருந்து பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். அவர் ஏன் சொல்லவேண்டும்? "பாக்கறேன்" என்றேன். "ஓம், பாருங்கோ" என்றார், அவ்வளவு நம்பிக்கையோடு.

மெட்ரோவில் எதிர்ப்பக்கம் ஏறி மூன்று ஸ்டேஷன் போய்விட்டேன்.

பிப்ரவரி 19, திங்கள்

உறை டிராயரில். காலை முழுக்க வேறு குப்பிகளைப் பார்ப்பதாக நடித்தேன். மதியம் எடுத்தேன். அவள் படங்களை ஏதோ பழைய அட்டவணைத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறாள், எண்கள் இந்தப் பக்கம் தெரிகின்றன. தாளுக்குக்கூட வழியில்லை போல. ஒவ்வொரு முடியும் பேனாப் புள்ளி. அவளிடமும் ஒரே ஒரு ஆண்தான். என் படத்தைவிட நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்ளக் கசக்கிறது.

ஆய்விதழுக்கு எழுதினேன். நல்ல வேலை, அச்சிடுங்கள். இதே இனம் என்னிடமும் இருக்கிறது, என் பெண் சிலந்திகளையும் கியூபெக் விவரத்தையும் அவர் சேர்த்துக்கொள்ளட்டும். சேகரித்தவர் பெயர் விடுபடக் கூடாது. விவரங்களை லேபிளில் உள்ளபடி நகலெடுத்து ஃபாக்ஸ் அனுப்பினேன். அழவில்லை. ஃபாக்ஸ் மெஷினை உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 21, புதன்

சொல்லிவிட்டேன்.

"குடுத்திட்டியளோ?"

"அவளோடதுதான் வரும், தம்பி."

"மகளுக்குக் கடிதம் போட்டிட்டனே" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சி அப்படியே இருந்தது. நான் உளறினேன். கட்டுரைக்குள்ளே உங்கள் பெயர் வரும், சின்ன எழுத்து, ஆனால் வரும், இன்னார் பிடித்தது என்று.

திரும்பாமலே கேட்டார்:

"எந்தப் பேர்?"

லேபிளில் உள்ளபடி. வைத்திலிங்கம். லேபிளில் இருப்பதை ஓர் எழுத்து மாற்றாமல் நகலெடுப்பதுதான் எங்கள் தொழில் பழக்கம். முந்தாநாள் கை அதைத்தான் செய்திருக்கிறது. எட்டாம் தேதியே தெரிந்தும்.

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து மூடினேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் திருத்தி ஃபாக்ஸ். மாலையில் ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்து பதில்: லேபிளில் உள்ள பெயரைத்தான் போட முடியும்.

சரி, லேபிளில் ஏற்றுகிறேன். பழையதை எடுத்துப் போட முடியாது. தப்பான லேபிளானாலும் குப்பியிலேயே இருக்கவேண்டும், திருத்தம் தனிச் சீட்டாக அதோடு சேரும். அதுதான் முறை. பருத்தித் தாள், இந்தியன் இங்க், மெல்லிய நிப். சேகரித்தவர்: தேவராசன். ஒவ்வொரு குப்பியிலும் அப்பா பெயருக்குக் கீழே மகன் பெயர். சிலந்திகள் ஊறும் சாராயத்தில் மை கரைகிறதா என்று முதல் சீட்டைப் போட்டுப் பார்த்தேன். கரையவில்லை.

இவர் இரவு சாப்பிட மியூசியத்துக்கே தோசை கொண்டுவந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்லது.

பிப்ரவரி 24, சனி

எல்லாக் குப்பியும் முடிந்தது. அந்த ஆண் இருக்கும் குப்பியைக் கைப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மியூசியத்துக்குத் தெரிந்தால் தொலைந்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய். எழுப்ப வேண்டாம் என்றாள் நர்ஸ். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காட்டலாம்.

பிப்ரவரி 26, திங்கள்

மைனஸ் எட்டு. கூரையிலிருந்து சொட்டுகிறது. கோட் போட்டுக்கொண்டிருக்கும்போது போன். ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து யாரோ ஒரு பெண், பிரெஞ்சில். மிஸ்யூ வைத்திலிங்கம் விடியற்காலையில் இறந்துவிட்டார், தொடர்புக்கு என் நம்பர்தான் இருக்கிறது என்றாள்.

வைத்திலிங்கம் இல்லை, அவருடைய மகன் என்றேன்.

அவள் காகிதத்தைப் புரட்டினாள். மகனுடைய நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள்.