இரண்டு தாளிலும் ஒரே பிழை

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. அணிச் சட்டையில் நீ அனுப்பிய படத்தை வாசலில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறார்.

சதுரங்க மன்றத்தில் என் வேலை உனக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு நகர்த்தலையும் குறித்துக் கொடுக்கும் தாள்களைக் கணினியில் ஏற்றுகிறேன். நேற்று உன் கடைசி ஆட்டம் கைக்கு வந்தது. ரேட்டிங்கில் உனக்கு மேலே இருக்கும் கண்ணாடிக்காரரோடு நீ டிரா செய்த ஆட்டம். பதினான்காவது நகர்த்தலில் கணினி முரண்டு பிடித்தது. உன் குதிரை 'சி ஆறு'க்குப் போனதாக எழுதியிருக்கிறாய். அங்கே உன் சிப்பாயே நிற்கிறது. 'இ ஆறு' என்று இருக்க வேண்டும். கை தவறியிருக்கும் என்று அவர் தாளை எடுத்தேன். அதிலும் 'சி ஆறு'.

ஒருவர் தவறலாம். இருவரும் அதே இடத்தில் அதே எழுத்தைத் தவறவிடுவார்களா? ஒன்பதாம் வகுப்பில் நானும் பக்கத்துப் பெண்ணும் கணக்குப் பரீட்சையில் மாட்டியது இப்படித்தான்.

நேரம் போதாதபோது விட்டுப்போனதை எதிராளியின் தாளைப் பார்த்து எழுதுவது உண்டு. ஆனால் நீங்கள் பன்னிரண்டே நிமிடத்தில் கைகுலுக்கி எழுந்துவிட்டீர்கள்.

அந்த டிராவில் உனக்குக் கிடைத்த அரைப் புள்ளியால் அணியில் இடம் இழந்த தையற்கடைக்காரர் நேற்று வந்திருந்தார். "நம்ம கையில என்ன இருக்கு பாப்பா, அவங்கவங்க ஆட்டம்" என்று சிரித்துவிட்டுப் போனார். நான் தலை நிமிரவில்லை.

நடுவர், "ஏம்மா ஊமைக்குயில், அந்த ஒண்ணு மட்டும் ஏன் நிக்குது?" என்று கேட்டார். கணினி மேல் பழியைப் போட்டேன். சனிக்கிழமை எல்லா ஆட்டங்களையும் ஒப்படைக்க வேண்டும்; அதுவரைதான் அது தாங்கும்.

போன கடிதத்தில், என் தாளை வேறு யாரிடமும் கொடுக்காதே, நீயே ஏற்று என்று எழுதியிருந்தாய். பாசம் என்று நினைத்தேன். ஓர் எழுத்தை மாற்றினால் யாருக்கும் தெரியாது. நான் வாய் திறக்க மாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். அதை நம்பித்தான் ஆட்டத்தை முன்கூட்டியே இருவரும் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களா?

இல்லை என்றால், எப்படி நடந்தது என்று எழுது. நம்புகிறேன். ஆம் என்றால் எனக்கு எழுத வேண்டாம், நடுவருக்கு எழுது. உன்னிடமிருந்து எதுவும் வராவிட்டால் சனிக்கிழமை காலை இரண்டு தாளும் இருக்கிறபடியே அவர் மேசைக்குப் போகும். எனக்குப் பேசத்தான் வராது, அண்ணா. கொண்டுபோய் வைக்க வரும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உனக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்றே இன்னமும் வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை