சேறு படாத கார்

என் மகளின் அப்பாவுக்கு,

நேற்று மதியம் உங்கள் ஊர் குவார்ட்டர்ஸிலிருந்து போன் செய்தீர்கள். "காத்து பலமா இருக்கு, மரம் விழுந்துடப் போகுது. காரைக் கொண்டுபோய் மேட்டுத் தெருவுல விடு" என்றீர்கள். இந்த மனுஷனுக்கு இவ்வளவு அக்கறையா என்று சிரித்துக்கொண்டேதான் சாவியை எடுத்தேன்.

கீழ்வீட்டுத் தையல்காரர் கேட்டார். "என்னம்மா, ஆத்துல தண்ணி வருதா?"

"இல்லண்ணே. வந்தா எங்க வீட்டுக்காரர் சொல்லாம இருப்பாரா?"

அவர் மெஷின்களை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

அணைக் கதவைத் திறக்கும் முன் கீழ் ஊருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று இரண்டு நகராட்சிகளும் கையெழுத்துப் போட்டன. அங்கே பொறியாளர் நீங்கள், இங்கே நான். "மேல் ஊர்க்காரங்களை நம்பலாமா?" என்று எங்கள் கவுன்சிலர்கள் இழுத்தபோது உங்களைக் காட்டித்தான் அவர்கள் வாயை அடைத்தேன்.

நேற்றோ ஒரு தகவலும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டீர்கள். "முன்னாடியே சொன்னா கீழ் ஊர்க்காரங்க தடுத்துடுவாங்க" என்று உங்கள் தலைவர் சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். ஊரை மூழ்கடித்தவருக்குக் கார் மேல் மட்டும் என்ன பாசம்?

மரம் ஒன்றுகூட விழவில்லை. தெரு முழுக்க முழங்கால் அளவு சேறு. தையல்காரர் மெஷின்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்க கார் பத்திரமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

கார் சாவியை இதனுடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் மேட்டுத் தெருவோடு திரும்பிவிடுங்கள். வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

இப்படிக்கு,
நேற்று நீங்கள் தகவல் சொல்லியிருக்க வேண்டிய
கீழ் நகராட்சிப் பொறியாளர்