ஆடாமல் நின்ற பிள்ளை

2006 நவம்பர், செவ்வாய் இரவு

கவி உதட்டில் தையலோடு தூங்குகிறாள். விளக்கு வெளிச்சத்தில் எழும்பினால் என்னை மன்னிக்கட்டும்.

இன்று வகுப்பில் ஒரு பையன் அவள் தலைமயிரைப் பிடித்து, முகத்தைத் திரும்பத் திரும்ப மேசையில் மோதியிருக்கிறான். டீச்சர் பிரெஞ்சில் கத்தினாரே தவிர அவனைப் பிடித்து இழுக்கவில்லை. பிள்ளைகளில் கை வைக்க அனுமதி இல்லையாம்.

“ஊரிலயெண்டா பிரம்பால ரெண்டு போட்டாச் சரி,” என்று ஆஸ்பத்திரியிலிருந்து மெட்ரோவில் வரும்போது கொதித்தேன்.

வீட்டுக்கு வந்து, “நீ ஏனடி அவனைத் தள்ளிப்போட்டு ஓடேல்லை?” என்று கேட்டேன்.

“அடிக்கேக்க ஆடாமல் நிண்டாக் கெதியா முடியும் எண்டு நீங்கள்தானே அம்மா சொல்லுறனீங்கள்.”

அவளை அடிக்க அகப்பைக்காம்பை எடுக்கும்போதெல்லாம் நான் சொல்வது அதுதான்.

இரவு வேலை முடிந்து அவளின் அப்பா விடியத்தான் வருவார். வந்ததும் உதட்டைப் பார்த்து, யார் அடித்தது என்று கேட்பார்.