ஆறாவது குரல்

சனிக்கிழமை, இரவு.

இன்று நடந்ததை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன்.

வடக்குப்பட்டு ஏரிக்கரையில் அரண்மனைக்கு நிகரான கூடாரம் அடித்தேன். என் கால்கள் மட்டும் அதற்குள் அடங்கவில்லை. புல் காய்ந்து கிடப்பதால் தீ மூட்டக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். அக்கா மகள்கள் இருவருக்கும் முகம் தொங்கிவிட்டது. உடனே நான் ஒரு மாபெரும் விளையாட்டை அறிவித்தேன். எங்கள் கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை என்றால் எல்லோரும் வெளியே வந்து வரிசையாக நின்று ஆளுக்கொரு எண் சொல்வோம். அதையே டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் சொல்ல வேண்டும்.

அக்கா ஒன்று, அவள் கணவர் இரண்டு, பிள்ளைகள் மூன்றும் நான்கும், நான் ஐந்து. பிறகு நானே பேய்க்குரலில் ஆறு என்று சொல்லிப் பயமுறுத்துவதாகத் திட்டம். அதற்காகத் தொண்டையைச் செருமினேன்.

“ஆறு” என்றது ஏரிப் பக்கமிருந்து ஒரு குரல், ஷிஃப்டுக்குத் தாமதமாக வந்தவனைப் போல மிகவும் பணிவாக.

அக்கா டார்ச்சைப் போட்டாள். “இன்னாடா இது, புள்ளைங்கள அழ வெச்சிகினு?”

சின்னவள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். “மாமா, அது நீதானே?”

நான் இல்லை என்று சொன்னால் அவள் இனி எந்த இருட்டிலும் தூங்க மாட்டாள்.

“நாந்தான்டி.”

அவள் நம்பிவிட்டாள். நான் சொன்னதை ஒருவர் மறுபேச்சில்லாமல் நம்பியது இதுவே முதல் முறை.

நாளை வாலாஜாபாத் வரைக்கும் பார்ப்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன். வந்தவன் பனைமர உயரம், ஏரித் தண்ணீர் கொதித்தது என்பேன். அதெல்லாம் புளுகு. செருமிய பிறகு ‘ஆறு’ என்று சொல்ல நான் வாயே திறக்கவில்லை என்பது மட்டும் நிஜம்.