அப்பாவின் காலில் என் நடை

அன்பு மகள் சிட்டுவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே நலம். நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா. போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், சிரித்து முடித்த கையோடு அந்தக் கால்பட்டையை அங்கிருந்தபடியே சரிசெய்தும் தொலைத்துவிடுவாய். அது கூடாது, அதனால் முழுசாகப் படி.

நரம்புக் கோளாறு வந்ததிலிருந்து நிலைப்படியைக் கண்டாலே அப்பாவுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, நடக்காமலே இருந்தால் அப்புறம் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றதும், நீ ராப்பகலாக உட்கார்ந்து அந்தத் துணிப்பட்டையைச் செய்து அனுப்பினாய். கால் நின்றுபோனால் அதுவே புரிந்துகொண்டு கெண்டைக்காலில் மெல்லத் தட்டும், அந்தத் தட்டுக்குத் தக்கபடி அடியெடுத்து வைக்கலாம், முதல் வாரம் சும்மா கட்டிக்கொண்டு நடந்தால் கட்டினவரின் நடையை அது பழகிக்கொள்ளும் என்று விளக்கமாகத்தான் சொன்னாய். உங்கப்பா கட்டினால்தானே. டிரில் மாஸ்டராக இருந்து பள்ளிக்கூடம் முழுவதையும் லெப்ட் ரைட் போட வைத்த மனுஷன், எனக்கு ஒரு துணி வந்து லெப்ட் ரைட் சொல்லணுமா, இந்த வயசுல கொலுசு வேறயா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீயோ தினமும் போனில் கட்டினாரா, கட்டினாரா என்று கேட்கிறாய். ஆசையாகச் செய்தது மேசையில் கிடக்கிறதே என்று நானே எடுத்து என் காலில் கட்டிக்கொண்டேன். கால் என்றால் கால்தானே, யாருடைய கால் என்று அதற்கென்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். அதோடு கடைக்குப் போனேன், துணி காயப்போட மாடிக்குப் போனேன். பட்டை அனுப்பும் நடைக் கணக்கை அங்கே பார்த்துவிட்டு, அப்பா மாடியெல்லாம் ஏறுறாரும்மா, இங்க எல்லார்கிட்டயும் காட்டினேன் என்று நீ குதித்தாயே, அது நான்தான். நீ அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது, மென்று முழுங்கிவிட்டேன்.

போன வாரம் ஒரு காலையில் குளியலறை வாசலில் அப்பாவுக்குக் கால் நின்றுவிட்டது. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார், முகமெல்லாம் வியர்த்து வெளுத்துவிட்டது, நான் என்ன சொல்லியும் கால் அசையவில்லை. கடைசியில் அவரே, சரி அந்தக் கொலுசைக் கொண்டா என்றார். ஓடிப்போய் எடுத்துவந்து கட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார், வலது கால் எழுந்தது, இடது எழுந்தது, படியைத் தாண்டிவிட்டார். கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏன்டி, இது உன் நடைதான என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படித் தெரியும் என்றேன். வலது கால வச்சிட்டு ஒரு மூச்சு நின்னுதான இடது கால எடுப்ப, எப்பவும் அப்படித்தான என்றார். அவர் தெருவில் எப்படி நடப்பார் என்று உனக்குத் தெரியும், பையையும் உன்னையும் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடிவருவேன், மனசுக்குள் திட்டாத நாளில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத ஆளுக்கு என் நடை எங்கே தெரிந்தது என்று கேட்டேவிட்டேன். திரும்பிப் பாக்கணுமா என்ன, காதுல கேட்டுக்கிட்டேதான போவேன், சத்தம் நின்னா நானும் நிப்பேன்ல என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். நிற்பார்தான், சிட்டு. சட்டைப் பொத்தானைச் சரிசெய்வார், கடைப் பலகையைப் படிப்பார், ஏதோ சொந்த வேலையாக நிற்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன், நல்ல அழுகைதான், நீ கவலைப்படாதே.

பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை, வாயில் வராது, அதனால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இல்லையே என்று இனி நீ வருத்தப்படக் கூடாது. அவர் படியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் நீ இங்கே இருக்கிறாய். துணியில் கம்பியைத் தைப்பதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்ட உன் அத்தை இப்போது தன் முழங்காலுக்கு ஒன்று கிடைக்குமா என்று நச்சரிக்கிறாள், முடிந்தால் பார். கண்ணுக்கு ஓய்வு கொடு, வேலையிடத்திலேயே தூங்காதே.

நேற்று இருவரும் தெருமுனைவரை போய்வந்தோம். கால் நிற்காதபோதும் தட்டட்டும் என்று இப்போதெல்லாம் பட்டையிலுள்ள பொத்தானை அழுத்தியே வைத்துக்கொள்கிறார். வழக்கம்போல அவர்தான் முன்னால் போனார். ஆனால் போனது என் நடையில் அல்லவா, முனை வந்து சேரும்வரை எங்களுக்கு நடுவில் தூரம் கூடவே இல்லை.

இதைப் படித்ததும் என் நடையை அழித்துவிட்டு அவர் நடையை ஏற்ற உனக்குக் கை துறுதுறுக்கும். அழித்துவிடாதே. அப்பாவும் அதையேதான் சொன்னார், ஆனால் என்னிடம், நீ சொன்னதாவே எழுதிடு என்கிறார். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் இரு. அங்கே எல்லாரிடமும் காட்டினாயே, அவர்களிடம் மட்டும் மறக்காமல் உண்மையைச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
மாடிப்படி ஏறிய உன் அம்மா