மைனஸ் பதினொன்று

அன்பு மகள் ஓய்ஜமோலுக்கு, ஊர்கெஞ்சிலிருந்து அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், ஆடு கூட இருமல் தீர்ந்து நன்றாக இருக்கிறது, ஆராய்ச்சிக்குப் போன பூசானில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்று முடிவை முதலில் சொல்லிவிடுவாள்.

இந்த வருடம் எங்கள் விவசாயக் கல்லூரியில் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அளக்கச் சொல்லி உத்தரவு வந்தது. செப்டம்பரில் ஒரு கேள்வித்தாள், மே மாதம் மறுபடி அதே தாள், இரண்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆசிரியர் கற்றுக்கொடுத்தது, திருத்துவது கம்ப்யூட்டர். என் பாசன வகுப்புக்கு என்ன வந்தது தெரியுமா, மைனஸ் பதினொன்று. சராசரி அறுபத்தொன்று எடுத்திருந்த பிள்ளைகள் ஐம்பதுக்கு இறங்கிவிட்டார்கள். கணக்கு வாத்தியார் தவ்லத் ஆறுதல் சொல்ல வந்தார், பூஜ்யம் என்றால் நீங்கள் வகுப்புக்கே போகவில்லை என்று சமாளிக்கலாம், மைனஸ் வந்தால் போனதுதான் தப்பு என்று ஆகிறதே என்றார். உன் அம்மா தேநீரை வைத்துவிட்டு, "முப்பது வருஷமா பாடம் நடத்தி, பிள்ளைங்ககிட்ட இருந்ததையும் பிடுங்கிட்டீங்களே" என்றாள். சிரித்துவிட்டு விட்டுவிடவும் முடியவில்லை, ஏனென்றால் தாஷ்கண்டிலிருந்து குழு வரும், சரியான விளக்கம் இல்லையென்றால் பாடத்தை எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். பாடம் போனால் எனக்கு அங்கே என்ன வேலை, விதைக் கிடங்குக்குப் பூட்டுப் போட அனுப்புவார்கள்.

விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செப்டம்பரில் பருத்திக்கு முதல் தண்ணீர் எத்தனை நாளில் என்ற கேள்விக்கு எல்லோரும் சட்டென்று ஏதோ ஒரு கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள், மே மாதம் பாதிப்பேர் கட்டத்தை வெறுமையாக விட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். சனோபர் என்ற பெண், எந்த மண் என்று கேள்வியில் இல்லையே என்று எழுதியிருக்கிறாள். கம்ப்யூட்டர் ஓரத்தை எங்கே படிக்கும்.

குழு வந்தது, தலைவர் சாபிரோவ் சிரிக்கவே தெரியாத மனிதர். வெட்டிவைத்த முலாம்பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாட்சிக்கு சனோபரைக் கூட்டிப்போனேன். அவர் அதே பருத்திக் கேள்வியைக் கேட்டார். இவள் "தெரியாது ஐயா" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. போன செப்டம்பரில் தெரிந்ததா என்று கேட்டார்.

"தெரிஞ்சுது ஐயா. அப்போ நான் மண்ணைத் தோண்டிப் பார்த்ததில்லை."

பிறகு அவர் தாளை மூடிவைத்துவிட்டு, தன் வீட்டுத் திராட்சைக்கொடி இலையெல்லாம் மஞ்சளாகிறது, தினமும் தண்ணீர் விடுகிறேன், இன்னும் எவ்வளவு விடவேண்டும் என்று கேட்டாரே பார்க்கலாம். சனோபர் பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அடியில் களிமண்ணா, மேலே உப்புப் பூக்கிறதா, துணி துவைக்கிற தண்ணீர் எங்கே போகிறது. கால் மணி நேரம் அவரைக் குடைந்துவிட்டு, "நீங்கதான் ஐயா அதை மூழ்கடிக்கிறீங்க. ரெண்டு வாரம் சும்மா விடுங்க" என்றாள். மனிதர் அதை எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். அப்புறம் முலாம்பழம் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

நேற்று அறிக்கை வந்தது. பாசனப் பாடம், கற்றல் அளவு மைனஸ் பதினொன்று, திருப்திகரம், தொடரலாம் என்று இருக்கிறது. முதல்வர் இப்போது மற்ற துறைகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு மட்டும் ஏன் மைனஸ் வரவில்லை என்று விசாரிக்கிறார்.

போன வாரம் நீ அம்மாவிடம், மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அழுதாயாம். அவள் பயந்துபோய் உன்னைத் திரும்பி வரச்சொல்லலாமா என்கிறாள். நான்தான் வேண்டாம் என்றேன், பிள்ளை சரியான வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறாள் என்றேன்.

நீ நீடூழி வாழவேண்டும், எடுத்த காரியம் கைகூடவேண்டும். மழையில் நனைந்த காலுறையோடு உட்கார்ந்து படிக்காதே.

உன் அப்பா,
மத்னியோஸ்